இருநூற்றைம்பது பாகம்

தேங்காப்பட்டணத்தில் விசைப்படகு அணையும்போது
அதிகாலை மூன்றரை.
சிவப்பு இறால் பெட்டிகள் ஏலத்துக்குப் போன பிறகு
மிஞ்சுவது என் பங்கு.
கோழித்தீவனத்துக்கு ஒதுக்கிய குவியலில்
ஒரு கூடை அள்ளி, இனம் பிரித்து, எண்ண வேண்டும்.
படிவத்தில் பதினாறு கட்டங்கள்.
‘கழிவு’ என்ற கட்டம்தான் அதில் அகலமானது.

அதற்குள் கிடந்தது இது,
காற்றில் பிய்ந்து யாரோ மிதித்த குடைத்துணி போல.
“திரண்டிதான், எழுதிட்டுப் போ பிள்ள”
என்றார் ஸ்ராங்கு சிலுவைப்பிச்சை.
திரண்டியோ திருக்கையோ,
நாம் புளியூற்றிக் குழம்பு வைக்கும் சாதி இல்லை.
வாலைத் தடவினேன், கொட்டும் முள் கிடையாது.
முதுகு நெடுக மட்டும் ரோஜாத்தண்டின் சொரசொரப்பு.
மூக்கை விளக்குக்கு நேரே பிடித்தால்
கண்ணாடித்தாள்.
வயிறும் கறுப்பு.
வெளிச்சமே இறங்காத ஊரில்
வயிற்றுக்கு வெள்ளையடித்து யாருக்குக் காட்ட?

மாநிலம்? என்று கேட்கிறது படிவம்.
படகு நீரோடிக்காரருடையது. பதிவு கொல்லத்தில்.
வலை தொட்டதோ இருநூற்றைம்பது பாகம் கீழே,
சேற்றில்.
பொழியூர் எங்கே முடிகிறது என்று
அங்கே ஒருவரும் கல் நடவில்லை.
கட்டத்தில் ஒரு கோடு கிழித்தேன்.

அந்தச் சேற்றில் இறால் தன்னைப் புதைத்துக்கொள்ளும்.
உடம்பைப் புதைக்கலாம்,
நெஞ்சு துடிப்பதை எங்கே புதைப்பது?
திருக்கையின் மூக்கடியில் ஊசி குத்தியதுபோல்
எத்தனையோ துளைகள், துளைக்குள் கூழ்.
துடிப்பிலிருந்து கசியும் துளி மின்சாரம்
அந்தக் கூழுக்குப் போதும்.
மேலே படுத்து, வாய் திறக்கும்.

குவியலின் அடியில் இன்னொன்று இருந்தது.
நான்கு கொம்பு வைத்த தோல்பை,
தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது.
கைபேசி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
மஞ்சட்கருவை ஒட்டி ஒரு நூல்வால்
அடித்துக்கொண்டே இருந்தது.
கொம்புக் கீறல் வழியே தண்ணீரை இழுக்கிறது.
இட்ட இடத்தில் தாய் நிற்பதில்லை.
ஒரு வருடமோ, மேலேயோ,
தன் மூச்சைத் தானே துழாவிக்கொள்ள வேண்டும்.

பனிக்கட்டி, கடல்தண்ணீர், மூடியிட்ட வாளி.
மடியில் வைத்துக்கொண்டு ஐந்தரை வண்டியில்
பொழியூருக்கு வந்தேன்.
“தயிருக்குப் பக்கத்துல இது எதுக்கு?”
என்று நாத்தி பெர்சியாள் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் அவளே கதவைத் திறந்து
“இன்னும் ஆட்டுது” என்றாள்.

விரலைத் தண்ணீருக்குள் விட்டால் வால் நின்றுவிடும்.
பெரிய மீன் நெருங்கினால் இப்படித்தானாம்,
மூச்சையே அடக்கிக் கிடக்கும்.
என் விரலிலும் கசிகிறது போல, எனக்குத் தெரியாமல்.
கையை எடுத்து அறுபது எண்ணுவேன்.
எழுபதுக்குள் வால் மறுபடி தொடங்கும்.

அலுவலகத்தில் அந்தப் பெரியதன்
தண்டுக் குருத்தெலும்பைச் சீவி வளையங்களை எண்ணினேன்.
பன்னிரண்டு. பதின்மூன்றாவது எனக்குச் சரியாகத் தெரியவில்லை.
முட்டைப்பை இன்னும் முதிரவே இல்லை.

ஆறாம் நாள் மழை.
கறண்டு போனது காலை பத்துக்கு,
வந்தது இரண்டே முக்காலுக்கு.
வாளித் தண்ணீர் நம் கிணற்றுத் தண்ணீர் பதத்தில் இருந்தது.
வால் நின்றிருந்தது.

என்னைக் கண்டு நின்றதாக இருக்கும்.
கையை எடுத்தேன்.
அறுபது. எழுபது. நூற்றிருபது.
ஓர் எட்டு பின்னால் போனேன்.
பெர்சியாளையும் நகரச் சொன்னேன்.
இன்னும் ஓர் எட்டு.
வாசல்வரை போய் நின்றோம், இரண்டு பேரும்,
மூச்சுக்கூட விடாமல்.